தறி நின்ற நேரம்

வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை, வருகிறது ஆனால் கோபிகாவின் காதுக்கே எட்டவில்லை, அத்தனை தறிகளும் தடதடவென்று அடித்துக்கொள்ளும் பட்டறையில் எவள் தொண்டை கிழிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது, மாமன் குழந்தைவேலுவின் இடது கை அவள் சடையை முறுக்கிப் பிடித்திருக்கிறது, வலது கையில் அறுந்துபோன தறி பெல்ட், முதுகில் இறங்கும்போது முதலில் மரத்துப்போகிறது, பிறகுதான் எரிகிறது, இதே கைதான் அவள் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர்த்தட்டு ஏந்தி வந்தது, பட்டுப்பாவாடை கொடுத்து, தலையில் மல்லிகை வைத்து, என்ற தங்கமே என்று கன்னத்தைத் தட்டியது, அன்றைக்கு அவளும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள், பைத்தியக்காரி, இன்றைக்கு அதே வாயில் ரத்தம் உப்புக் கரிக்கிறது, படிச்சது போதும், தையில கல்யாணம் என்றான், வேண்டாம் மாமா, நான் படிக்கோணும் என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், பெல்ட் இறங்கிவிட்டது.

அந்த வேண்டாம் என்ற சொல்லைச் சனிக்கிழமை வகுப்பில்தான் படித்தாள், அங்கன்வாடிக் கட்டிடத்தில் வயசுப் பெண்களுக்கென்று வசந்தாமணியக்கா நடத்தும் வகுப்பு, உடம்பைப் பற்றிப் பேசுவாள், பயத்தைப் பற்றிப் பேசுவாள், பிறகு ஒவ்வொருத்தியாக நிற்கவைத்து வேண்டாம் என்று கத்தச் சொல்வாள், மற்றப் பெண்கள் கத்தினால் சுவரில் ஒட்டிய யானைப் படம் ஆடும், கோபிகாவுக்கு வெறும் காற்றுதான் வந்தது, தறிக்காரி புள்ள, அக்கா, கையிலதான் பேசுவா என்று ஒருத்தி சொல்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், உண்மைதானே, பட்டறைக்குள் தண்ணீர் கேட்பதற்கும் கை, திட்டுவதற்கும் கை, அக்கா மட்டும் சிரிக்கவில்லை, கோபிகாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், இங்கிருந்து வரோணும் கண்ணு, நாலு பேரு காதுல உழுகோணும், உழுகாட்டி அவனுக்கு நீ சொல்லவே இல்லைன்னு ஆயிரும்.

இதோ வயிற்றிலிருந்துதான் கத்துகிறாள், வசந்தாமணியக்கா, யார் காதில் விழுகிறது, தறிகள் தின்றுவிடுகின்றன, பெல்ட் காதோரம் விழுந்து கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது, நாலு தறி தள்ளி அம்மா நிற்கிறாள், ஊடுநூலை இழுத்துக்கொண்டு இங்குமங்கும் ஓடுகிற நாடாவையே பார்க்கிறாள், ஒரு கை மட்டும் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை தரையைப் பார்க்க மெல்ல அமுங்குகிறது, பொறுத்துக்கோ, ஒவ்வொரு அடிக்கும் அதே கை, அடிபட்ட நாளெல்லாம் ராத்திரி காயத்துக்கு மஞ்சள் பூசும்போது மட்டும் வாய் வரும், தறிச் சத்தத்துல எனக்கு எங்கடி கேக்குது, தம்பியின் பட்டறைக்குப் பின்னால் குடியிருப்பவள் வேறென்ன சொல்வாள், ஆனாலும் அந்தப் பொய்தான் கோபிகாவுக்குப் பெல்ட்டைவிட வலிக்கும், கேட்டிருந்தால் அம்மா வந்திருப்பாள் என்று எத்தனை நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

மாமன் சடையைப் பிடித்தே அவளைச் சுவரில் மோதுகிறான், நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் வழிகிறது, ரத்தத்துக்கு ஊடாக மெயின் சுவிட்சின் கைப்பிடி தெரிகிறது, சிறுசிலிருந்து அதன் பக்கம் போனால் கையை முறித்துவிடுவேன் என்று இவன் மிரட்டிய கைப்பிடி, முறிக்கட்டும், இரண்டு கையாலும் தொங்கிக் கீழே இழுத்தாள்.

தறிகள் ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறி நின்றன, வேண்டாம், அவள் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது, இவ்வளவு பெரிய குரல் யாருடையது என்று அவளே திடுக்கிட்டாள், வேண்டாம், வேண்டாம், அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள், தெருவில் போன மொபெட் ஒன்று வாசலில் நின்றது, மாமனுக்குக் கை பாதியில் நின்றுவிட்டது, அம்மாவைப் பார்த்து, அக்கா, கரண்ட்டப் போடு என்று கத்தினான், அம்மா சுவிட்சை நோக்கி நடந்து வந்தாள், போடப்போகிறாள், கோபிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

தறி ஓடவில்லை, கண்ணைத் திறந்தால் அம்மா சுவிட்சுப் பெட்டிக்கு முதுகு கொடுத்து நிற்கிறாள், மாமன் பெல்ட்டை வீசுகிறான், அது அம்மாவின் கழுத்தில் விழுந்து தோலை உரிக்கிறது, அவள் கை பொறுத்துக்கோ என்று யாருக்கும் சொல்லவில்லை, பெல்ட்டின் நுனியைச் சுருட்டிப் பிடித்திருக்கிறது, அம்மாவின் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வருகிறது, எனக்குக் கேட்டுருச்சுடா, என்ற புள்ளைய உடுடா, தெருமுனை வரைக்கும் கேட்கிறது.