ஆவியில் வெந்து வந்த பாலம்

"நேத்து சாயங்காலம் எங்க வீட்டு அடுப்புல ஒரு பாலத்தை ஆவியில வேகவெச்சு எடுத்தேன் சார். கல் பாலம். ஒரு கல்லுகூட உதிரல," என்றாள் அக்கா.

சாலைத்துறை அலுவலகத்தின் மின்விசிறிகள் எல்லாம் ஒரு நொடி சுற்ற மறந்துவிட்டன. அப்படித்தான் அக்கா பிறகு எல்லோரிடமும் சொன்னாள். இன்ஜினியர் பேனாவை மூடினார். பக்கத்தில் நின்ற தம்பி, தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஓடைக்கு அக்கரையில் நாற்றுப் பண்ணை. தண்ணீர் ஏறிவிட்டால் லாரி வராது; பூத்து நிற்கிற செடியெல்லாம் தொட்டியிலேயே கருகும். முன்பு பொதுவழி இருந்த இடத்தில்தான் பாலம் கட்டுவோம் என்பது துறையின் விதி. அப்படியொரு வழி எந்த வரைபடத்திலும் இல்லை. இந்த முறையும் கைவிரித்தால் பண்ணையை விற்றுவிட்டு டவுனில் ஏதாவது குடோனுக்கு வேலைக்குப் போவதென்று அவன் முடிவெடுத்திருந்தான்.

அக்கா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து வரைந்தே கண்ணாடி தடித்தவள். ஓய்வு பெற்ற அன்று, குப்பைக்குப் போக இருந்த பழைய மாவட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். பல தாள்களைத் துணியில் சேர்த்து ஒட்டியது, விரித்தால் கூடம் கொள்ளாது. அதில் மேல் தாளில் வந்த ஓடை, கீழ்த் தாளில் சற்றுத் தள்ளி ஆரம்பித்தது.

"ஓடை தாவுமாடா? அது என்ன தவளையா?"

"வரைஞ்சவருக்குக் கை நடுங்கியிருக்கும். விடேன் அக்கா."

விடுகிற ஆளா அவள்? மேல் தாளின் வெற்று ஓரத்தை வெட்டாமலே எவனோ ஒரு சோம்பேறி பசை தடவிக் கீழ்த் தாளின் மேல் அமுக்கியிருக்கிறான் என்று கண்டுகொண்டாள். அந்த ஒட்டுக்கு அடியில் அரை மைல் அகலத்துக்கு மாவட்டமே மூச்சுத் திணறிக் கிடந்தது. பின்னால் வந்தவர்கள் ஒட்டியதைப் பார்த்தே நகல் எடுத்ததால், காடு மேடு சாலை எல்லாம் அப்படியே போயே போய்விட்டன. கெட்டிலைக் கொதிக்கவிட்டு ஆவியைக் காட்டினாள். ஓரம் மெல்ல நிமிர்ந்தது. அடியில் இரட்டைக் கோடாக ஒரு சாலை. ஓடையைக் கடக்கிற இடத்தில் பாலத்தின் குறி.

"பேப்பர்ல இருந்தா பத்தாதும்மா," என்றார் இதையெல்லாம் கேட்டு முடித்த இன்ஜினியர். "தரையில அடையாளம் காட்டுங்க. வியாழக்கிழமை வரேன். இல்லேன்னா ஃபைலை மூடிடுவேன்."

குன்றின் மேல் இருக்கிற பழைய அளவைக் கல்லிலிருந்து பாலம் எவ்வளவு தூரம் என்று வீட்டிலேயே வரைபடத்தில் அளந்து வைத்திருந்தாள் அக்கா. அந்தத் தூரத்தைத் தம்பியின் செல்போனில் பிடித்துப் போய், ஓடைக்கரையில் குச்சி நட்டார்கள். தம்பி தோண்டினான். பூமியின் மறுபக்கம் எட்டிப் பார்க்கிற ஆழம் என்பாள் அக்கா, இடுப்பளவு இருக்கும். களிமண், வேர், ஒரு பழைய செருப்பு.

"பாலத்துக்குப் போட்டிருந்த செருப்பா அக்கா?"

"வாயை மூடிக்கிட்டுத் தோண்டு."

"ஒண்ணுமில்ல. எப்பவுமே இருந்ததில்ல. நாளைக்கு இன்ஜினியர்கிட்ட வர வேணாம்னு சொல்லிடறேன்."

"சொல்லித்தான் பாரேன்!"

வீட்டுக்குப் போய் அக்கா மறுபடி அளவுகோலை வைத்தாள். முன்பு அளந்ததைவிட ஓர் அரிசி அகலம் குறைந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வைத்தாள். அதே அரிசி. அடுத்த நிமிடம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆவி குடித்த காகிதம் உப்பியிருந்தபோது அளந்திருக்கிறாள். இப்போது உலர்ந்து சுருங்கிவிட்டது. ஈரத் தாளில் அளந்ததற்காக அலுவலகத்தில் அவள் திட்டாத ஆள் கிடையாது! அந்த ஓர் அரிசி, தரையில் நூறு கஜத்துக்கும் மேல்.

வியாழன் காலையில் குச்சியைப் பிடுங்கிக் குன்றின் பக்கமாக நகர்த்தி நட்டாள். தம்பி முறைத்தான். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கடப்பாரையைத் தூக்கவும், அவன் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டான்.

இன்ஜினியர் ஷூவில் சேறு அப்பி வந்து நின்றபோது, 'டங்' என்றது. மூன்று ஊருக்குக் கேட்டது என்பாள் அக்கா. மண்ணை வழித்தார்கள். உளி பட்ட கல், அதை அடுத்து இன்னொன்று, நடுவே சுண்ணாம்புக் காரை. தம்பி ஓடையில் இறங்கி எதிர்க்கரையிலும் குத்தினான். அங்கேயும் கல்.

இன்ஜினியர் குனிந்து காரையைச் சுரண்டிப் பார்த்தார். "அஸ்திவாரமேதான். பழைய வழின்னு எழுதிடலாம். ஏங்க, உங்க அக்கா ஆபீஸ்ல வந்து சொன்னது..."

முழங்கால் தண்ணீரில் நின்றபடி தம்பி கடப்பாரையைக் கல்லில் சாய்த்தான்.

"அவ சொல்றதுல பாதியைக் கழிச்சுத்தான் சார் நான் கேட்பேன். இதை முழுசாவே கழிச்சுட்டேன்." கல்லை ஒருமுறை தடவினான். "பாலம் இருந்திருக்கு. அவ வேகவெச்சுதான் எடுத்தா."