நாலு கட்டை அம்மா

1

பாண்டி பஜாரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கிடைத்த கதை இது. எதிரே எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு பெண் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, சாமி புறப்பாட்டைப் பார்ப்பவள் மாதிரி நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

“தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மார்கழிப் பனியில் மயிலாப்பூர் மாட வீதி...”

இந்த ஆரம்பம் வேண்டாம். மாட வீதியில் புழுக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

சாருலதாவுக்கு அம்மா என்றால் ஒரு கேசட். (இது பரவாயில்லை.) அம்மா ஜானு இறந்தபோது சாருவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. கல்யாணமான புதிதில் அப்பா சுவாமிநாதன் பதிவு செய்த பாட்டுதான் மிச்சம். அதை அவள் கேட்டதெல்லாம் மலிவான ஒரு வாக்மேனில். கனத்த, நிதானமான, நடுவயதுக் குரல். அதோடு சேர்ந்து பாடியே பாட்டுக் கற்றாள். சுருதிப் பெட்டியையும் அந்தக் குரலுக்குத் தோதாக, தன் தொண்டைக்குத் தாழ்வான நாலு கட்டையில் வைத்துக்கொண்டாள். தொண்டை கட்டிக்கொண்டது. அம்மாவின் சுருதியாயிற்றே, விட முடியுமா? ஜானு பாடிக் கேட்டேயிராத மாமிகள்கூட, அம்மாவின் சாரீரம் அப்படியே வந்திருக்கிறது என்றார்கள்.

[அடிக்குறிப்பில் போயிருக்க வேண்டியது: மலிவான வாக்மேன் மெதுவாக ஓடும். உள்ளே ரப்பர் பெல்ட் தளரும், மோட்டாருக்குத் தெம்பு போதாது, பேட்டரி இறங்கும். வேகம் குறைந்தால் சுருதியும் கூடவே இறங்கும். காது அதற்குப் பழகிவிடும்.]

3

அப்பாதான் எனக்குப் பிடிபடவில்லை. வாக்மேனை ஸ்பீக்கரில் செருகிச் சாரு பாட்டைப் போட்டால், செருப்பை மாட்டிக்கொண்டு குளக்கரைப் பக்கம் போய்விடுவார். துக்கம் என்று எழுதினேன், அடித்தேன். துக்கமென்றால் ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருப்பாரே.

4

வாக்மேன் நாடாவைத் தின்ன ஆரம்பித்தது. இருப்பது ஒரே கேசட். பதறிப்போய் அப்பாவையும் இழுத்துக்கொண்டு பாண்டி பஜார் வந்தாள்.

கடைக்காரர் ஜவஹருக்கு முதலில் ஞானி வேஷம் போட்டிருந்தேன். கழற்றிவிட்டேன். அவருக்குப் பசி, சாப்பிடப் போகவேண்டும். அவர் எடுத்துக் கொடுத்த முதல் வாக்மேனில் கேசட்டைப் போட்டதும் குரல் வீட்டில் கேட்ட மாதிரியே இருந்தது. சாருவுக்குத் திருப்தி.

“இத்த வாங்காதீங்க மேடம். கம்மி மோட்டாரு, இழுத்துக்கினுதான் ஓடும். வேகமா ஓடறது ஒண்ணு கீது, கேட்டுப் பாருங்க.”

அடுத்ததில் ஓர் இளம்பெண் பாடினாள். கேசட் மாறிவிட்டதோ என்று சாரு திறந்து பார்த்தாள். இல்லை. சரணத்தில் வழக்கமாக வரும் சின்னச் செருமல் வந்தது. அதுவும் இளமையாக இருந்தது.

சாரு ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். தன்னைவிடச் சின்னவளான அம்மா! சேர்ந்து பாட வாயெடுத்தாள். குரல் தானாக ஐந்து கட்டைக்குப் போய் உட்கார்ந்தது. தொண்டை வலிக்கவேயில்லை.

வேண்டாமென்ற அப்பாவின் காதில் வலுக்கட்டாயமாக ஹெட்போனை மாட்டினாள். ஹெட்போன் போட்டவர்கள் பேசுவதுபோல அவர் கடை முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

“ஜானு குரல் எனக்கு மறந்தே போயிடுத்துன்னு நெனச்சுண்டிருந்தேன்டி. ஆத்துல நீ போடறச்சே யாரோ பாடறாப்பல இருக்கும். ஒன்கிட்ட எப்படிச் சொல்றது?”

5

முடிவு ஒன்று: வேகமானதை வாங்குகிறார்கள். சுருதிப் பெட்டி ஐந்துக்கு ஏறுகிறது. சுபம்.

முடிவு இரண்டு: வீட்டுக்கு வந்ததும் சாரு அழுகிறாள். இத்தனை வருஷம் தன்னைத் தூங்கவைத்த அந்தக் கனத்த குரல்காரி இனி எங்கே...

இரண்டுமே நியாயமாகத்தான் தோன்றுகின்றன. ஆனால் எந்த முடிவுக்குப் போவதானாலும் முதலில் யாராவது பாட்டை நிறுத்தியாக வேண்டும். ஜவஹர் பில் போடட்டுமா என்கிறார். சாரு அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுவாமிநாதன் கண்ணை மூடிக்கொண்டு, இருபது வருஷத்துக்குப் பிறகு மனைவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் அழுத்துங்கள்.