டோக்கன் அக்காவின் வண்டி

காலை பத்து மணிக்குள் நூறு வண்டிகளையாவது தள்ளியிருப்பாள். வணிக வளாகத்தின் பின்புறம், சுற்றுச்சுவருக்குள் இருந்த இருசக்கர வண்டி நிறுத்தத்தில் அவளுக்கு ஆறு வருஷ வேலை. வருகிறவர்கள் போன் பேசிக்கொண்டே ஏடாகூடமாக நிறுத்திவிட்டுப் போவார்கள். அவள் பின்கம்பியைப் பிடித்து, இடுப்பைக் கொடுத்துத் தூக்கி, அரை அடி நகர்த்தி வரிசையில் சேர்ப்பாள். டோக்கனைக் கிழித்துப் பாதியை வண்டியில் சொருகுவாள், பாதியைக் கையில் கொடுப்பாள். எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. எதில் பிரேக் தேய்ந்திருக்கிறது, எதில் டயர் போகப்போகிறது என்பது தள்ளும்போதே தெரிந்துவிடும். ஓட்டத்தான் தெரியாது.

அடுத்த மாதத்திலிருந்து வேலை காலை எட்டுக்குப் பதிலாக ஆறரைக்கே தொடங்கும் என்றார்கள். முதல் பஸ் அவளைக் கொண்டுவந்து இறக்கும்போதே ஏழாகிவிடும். நாலு நாள் தாமதமானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் ஸ்கூட்டர் வாங்க வேண்டி வந்தது.

பழைய வண்டி, சாம்பல் நிறம். விற்கிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். அவள் நேராகப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, மூட்டை தூக்குற மாதிரி தூக்குறீங்க?"

"பின்சக்கரம் ஆடுது. பேரிங் போயிருக்கு. மாத்திக் குடுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே மாற்றிக் கொடுத்தார்.

கற்றுக்கொடுத்தது கணவன். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிற வேலை அவனுக்கு. எப்போதோ கூரியர் கம்பெனியில் இருந்தபோது எடுத்த லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருந்தது. எல் போர்டு ஒட்டிய வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து வருவான்.

"லிஃப்டுல மேலயும் கீழயும் போறவன் எனக்கு ரோட்டக் காட்டுறான்."

"வாய மூடிட்டு ரோட்டப் பாரு. அதென்ன கைப்பிடியா, என் கழுத்தா? இந்த முறுக்கு முறுக்குற!"

மூன்றாம் நாள் வண்டி தடுமாறாமல் போயிற்று. ஆறு வருஷமாக இடுப்பொடியத் தள்ளிய கனம் இதுதானா என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை. கையை லேசாகத் திருப்பினால் அதுபாட்டுக்குப் போகிறது. சந்தோஷத்தில் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

இன்சூரன்ஸ் அலுவலகத்துப் பெண் பொறுமைசாலி.

"திருட்டுக்கு ரெண்டு விதம் இருக்குக்கா. எங்க நின்னு காணாமப் போனாலும் குடுக்குறது ஒண்ணு. எல் போர்டுக்காரங்களுக்கு அதுக்குக் கட்டுற பணம் ரொம்ப ஜாஸ்தி. இன்னொண்ணுக்கு அதுல பாதி கட்டுனாப் போதும். ஆனா ராத்திரி வீட்டு கேட்டுக்குள்ள, பகல்ல காவல் இருக்குற காம்பவுண்டுக்குள்ள நிக்கணும்."

"காவல்னா?"

"சுவர் இருக்கணும், ஆள் இருக்கணும், டோக்கன் குடுக்கணும்."

"டோக்கன் குடுக்குற ஆளே நான்தாம்மா!"

அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறமென்ன? உங்களுக்குன்னே போட்ட பாலிசி."

அதோடு அவள் விடவில்லை. பூட்டை உடைத்தால் கொடுப்பீர்களா, சாவி தொலைந்தால்? பாதி வண்டியைக் கழற்றிக்கொண்டு போனால் பாதிக்காவது கொடுப்பீர்களா?

"அக்கா, நீங்க பாலிசி எடுக்க வந்தீங்களா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா?"

புது நேரத்தின் முதல் நாள் ஆறு இருபதுக்கே வந்துவிட்டாள். கணவன் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்க ஓடினான். வண்டியைச் சுவர் ஓரம் கடைசி இடத்தில் நிறுத்தி, தானே இரண்டு முறை துடைத்தாள். சூப்பர்வைசர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது, யாரிடம் வாங்கினாய் என்று ஆசையாகத்தான் விசாரித்தார்.

"நல்ல வண்டி. ஆனா உள்ள விடக்கூடாது. வேலை பாக்குறவங்க வண்டி வெளியதான்."

"எப்ப இருந்து சார்?"

"எப்பவுமேதான். போர்டுலயே இருக்கே."

இருந்தது, ஆறாவது வரியில். அந்தப் பலகையை வாரா வாரம் ஈரத்துணியால் துடைப்பவள் அவள்தான். வண்டி நிறுத்தத்தில் வேலை பார்க்கிற யாரும் இதுவரை வண்டி வாங்கியதில்லை, அந்த வரிக்கு வேலையே வந்ததில்லை.

"காசு குடுத்து நானும் டோக்கன் போட்டுக்குறேன் சார்."

"வாடிக்கையாளருக்குத்தாம்மா டோக்கன். நாளைக்கு ஓனர் கேட்டா நானா பதில் சொல்றது?"

மதியம் இன்சூரன்ஸ் பெண்ணுக்குப் போன் செய்தாள். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போதுதான் மாற்ற முடியும் என்றாள் அந்தப் பெண். மனசு கேட்காமல் சாயங்காலமே கட்டைவிரல் தடிமனில் ஒரு சங்கிலி வாங்கினாள். மறுநாளிலிருந்து வண்டி சுவருக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் கட்டிக் கிடந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தால் கேட் வழியாகத் தெரியும். ஆனால் உட்காரத்தான் நேரமிருக்காது.

பன்னிரண்டாம் நாள் விடுமுறைக் கூட்டம். நடு வரிசையில் ஒருவர் வண்டி சிக்கிக்கொண்டு கத்த, ஏழெட்டு வண்டிகளை நகர்த்தி எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது கம்பம் மட்டும் நின்றது. சங்கிலி இரண்டு துண்டாகக் கிடந்தது. முதலில் அவளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு தடிமனை எதை வைத்து வெட்டினார்கள் என்று குனிந்து பார்த்தாள். துண்டைக் கையில் எடுத்த பிறகுதான் தெருமுனைவரை ஓடிப் பார்த்தாள்.

போலீசில் எழுதிக் கொடுத்தாள். மறுபடி பஸ். அந்த வாரத்திலேயே மூன்று நாள் தாமதம். சூப்பர்வைசர் நோட்டில் மூன்று முறை சுழித்துவைத்தார். இன்சூரன்ஸ் பணம் வந்தால் இன்னொரு வண்டி, இல்லையென்றால் இன்னும் ஒரு சுழி என்று அவள் அலைபாய்ந்துகொண்டிருந்தாள்.

நாலாம் நாள், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கெஞ்சி நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். அன்றுதான் திருட்டை நேரில் விசாரித்து ரிப்போர்ட் எழுத இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். மரியாதையான மனிதர். தன் வண்டியை உள்ளே நிறுத்தி டோக்கன் வாங்கிக்கொண்டார். சங்கிலித் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று விடாமல் கேட்டு எழுதினார்.

"உள்ளதான் இவ்வளவு இடம் கிடக்கே. இப்ப எத்தன வண்டி நிக்கும்?"

"இன்னும் நாப்பது நிக்கும் சார்."

"அப்புறம் ஏம்மா வெளிய விட்டீங்க?"

அவள் பலகையைக் காட்டினாள். அவர் ஆறாவது வரிவரை படித்து, அதைப் படமெடுத்துக்கொண்டார்.

"சுவருக்கு உள்ள நின்னிருந்தா இன்னைக்கே எழுதிக் குடுத்துருப்பேன்மா. என் கையில இல்ல. வெளிய எவ்வளவு தூரம்னு மட்டும் ரிப்போர்ட்ல போடணும்."

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். கூட ஆள் இல்லை.

"இந்த முனையக் கொஞ்சம் புடிங்கம்மா. சுவரோட ஒட்டி வச்சுக்குங்க."

அவள் மண்ணில் முட்டி போட்டு டேப்பின் முனையைச் சுவரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவர் இழுத்துக்கொண்டே கம்பம்வரை போனார். காற்றில் டேப் படபடத்தது.

"பதினோரு அடி, ரெண்டு அங்குலம். சரியா இருக்காம்மா?"

அவள் குனிந்து தன் பக்கத்து முனையைப் பார்த்தாள். டேப் முனைக்கும் சுவருக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தது.

"கொஞ்சம் தள்ளி இருந்துச்சு சார்" என்று நன்றாக ஒட்டி வைத்தாள். "இப்பப் பாருங்க."

"பதினோரு அடி, மூணு அங்குலம்" என்றார் அவர், பழையதை அடித்துவிட்டு எழுதிக்கொண்டே.