தலைவர் வைத்த பெட்டி

"என் வெள்ளைச் சட்டை எங்கடி?"

அலமாரியிலிருந்த துணியெல்லாம் கட்டிலுக்கு வந்துவிட்டது. பனியனோடு நின்றார் தலைவர். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர். வீட்டுக்கும் தானே தலைவர் என்பதை அவ்வப்போது நினைவுபடுத்துவார். அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். பெண்பிள்ளைகள் மாதாமாதம் பள்ளிக்கு மட்டம் போடுவது ஏன் என்று அவர் பேச வேண்டும். வெள்ளைச் சட்டை இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது.

"கிழிச்சிட்டேன்," என்றாள் மனைவி, அடுப்பைத் துடைத்தபடி.

"என்னது, கிழிஞ்சிடுச்சா?"

"கிழியல. நான்தான் கிழிச்சேன். பிள்ளைக்கு வேண்டியிருந்துச்சு."

உள்ளறையில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். போன மாதம் வகுப்பில் அவள் பாவாடை கறைபட்டு, பின் பெஞ்சு முழுக்கச் சிரித்திருந்தது. பழைய புடவை, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோயின. நாப்கின் வாங்கக் கேட்டால் தலைவரிடம் ஒரே பதில்தான்: "ஆடம்பரம்." அவருடைய தலைச்சாயம் மட்டும் அத்தியாவசியம்.

"அதுக்குன்னு என் சட்டையையா?"

"வீட்ல இருக்கற துணிய வச்சு சமாளின்னு நீங்கதானே சொன்னீங்க. இருந்ததுலயே அதுதான் மெத்துனு இருந்துச்சு."

தலைவர் நீலச் சட்டையில் போனார். ஆனாலும் பேச்சில் குறை வைக்கவில்லை. கைபேசி, டிவி, சோம்பல், தாய்மார் கொடுக்கிற செல்லம் என்று குற்றவாளிகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றினார். கைதட்டலுக்காக அவர் நிறுத்திய இடத்தில், பெண்கள் வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்தாள்.

"எம்பொண்ணும் இன்னிக்கு வரல. மாசாமாசம் வர்றதுக்கு வீட்ல நாப்கின் இல்ல. ஈரத் துணியோட நாள் முழுக்க பெஞ்சுல உக்கார முடியல. இதுல டிவி எங்கேருந்து வந்துச்சு?"

ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று கூரையில் அக்கறை பிறந்தது. பொருளாளருக்கு இருமல் வந்தது. பின் வரிசையில் துணி தேய்க்கிற அம்மாள் எழுந்து, "எங்க வீட்லயும் இதே கதைதான் தலைவரே," என்றாள். இன்னொருத்தி எழுந்தாள். அதற்குப் பிறகு யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை.

தலைவர் சமாளிப்பதில் கெட்டிக்காரர். "நான் சொல்ல வந்ததும் இதைத்தான்," என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே பள்ளி வராந்தாவுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே நாப்கின்கள், வெளியே தலைவரின் சிரித்த முகம். படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். பிள்ளைகள் வீணடித்துவிடக் கூடாதே என்று பெட்டிக்குப் பூட்டும் போட்டார்கள். சாவி தலைவரின் சட்டைப்பையில் இருந்தது. தேவைப்படுகிற மாணவி சங்க அறைக்கு வந்து, அவரிடம் காரணத்தைச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்ளலாம்.

ஒருத்தியும் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தலைவர் போரில் ஜெயித்தவர் போல வீட்டுக்குள் நுழைந்தார். "பாத்தியா? ஒண்ணுகூடக் குறையல. தேவையே இல்லாத விஷயத்துக்கு ஊரைக் கூட்டின. அடுத்த கூட்டத்துல பெட்டிய எடுத்துடப் போறோம்."

அவள் சாப்பாடு போட்டாள். அவர் உண்டு முடித்துக் குறட்டை விடத் தொடங்கியதும், ஆணியில் தொங்கிய சட்டைக்குள் கையை விட்டாள். மகளையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள்.

சாவிக் கடைக்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்துச் சாவி ஒண்ணு போதுமாக்கா?"

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"உங்க வகுப்புல பொம்பளப் பிள்ளைங்க எத்தனை பேர்டி?"