அன்செல்ம் இறங்கிய தொட்டி

எத்தனை தேய்த்தும் கறை போகவில்லை. சொலாஞ் இன்னொரு வாளி வெந்நீர் கொண்டுவந்து, கணவனின் காலைத் தூக்கி மடியில் வைத்து மறுபடியும் சோப்புப் போட்டாள். தொடை வரைக்கும் ஊதாச் சிவப்பு. நகக்கண்ணில் கருப்பாகவே உறைந்திருந்தது. திராட்சை அறுப்புக் காலத்தில் பொம்மார் ஊர் ஆம்பிளைகள் கால் எல்லாம் இப்படித்தான் இருக்கும். மங்கிப் போவதற்குள் பனிக்காலம் வந்துவிடும். அன்செல்முக்கு ஏது அவ்வளவு அவகாசம்? பத்து மணிக்குக் கோயில் மணி அடித்துவிடும்.

வெள்ளைக் காலுறையை மாட்டி மூடினாள்.

நேற்று முன்தினம் விடியலில் அவன் தொட்டிக்குள் இறங்கி மிதிக்கப் போனபோது அவள்தான் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கொடுத்தாள். புளித்துப் பொங்குகிற ஒயின் மேல் இரவெல்லாம் விஷக்காற்று படுத்துக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. கயிற்றில் கட்டிச் சுடரை இறக்கிப் பார்க்க வேண்டும். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. ஒரு வண்டிப்பாதை தாண்டி இருக்கிற வோல்னேதான் அவள் பிறந்த ஊர். அங்கே இது குழந்தைக்கும் தெரியும்.

மாமனார் குலோவிஸ் இரண்டு விரலால் அந்தச் சுடரைக் கிள்ளி அணைத்தார்.

"தொட்டிக்குள்ள என்னடா பூசையா வைக்கப் போற? பொண்டாட்டி ஊரு பயம் ஒனக்கும் ஒட்டிக்கிச்சா?"

அன்செல்ம் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் இறங்கினான்.

இப்போது கீழே நிலவறையிலிருந்து சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடினாள். அதே தொட்டி. ஏணியடியில் கொழுந்தன் ரெமி சட்டையில்லாமல் நின்றான். எதிரே, துக்கத்துக்கான கருப்பு உடுப்பில் கிழவர். கையில் குதிரை வார்.

"ஏறுடா. ஒயின் துக்கம் பாக்குமா? மேல மெதக்கற தோலு காஞ்சா காடியாப் போயிடும்."

"அண்ணன் மேல பொணமாக் கெடக்கான்ப்பா..."

வார் முகத்தில் விழுந்தது. ரெமியின் கன்னம் பிளந்து ரத்தம் வழிந்தது.

சொலாஞ் ஏணியை உதைத்துத் தள்ளினாள்.

"வடிச்சிடுங்க மாமா. இனிமே இதுல ஒருத்தரும் எறங்க வேணாம்."

"வடிக்கிறதா? ஒங்க ஊருல வடிப்பாங்கடி, அவசர அவசரமா. பூ வாசன, பட்டு வழவழப்புன்னு பீத்திக்கிட்டு. பொம்மார் ஒயின்னா பல்லுல கடிபடணும்! இன்னும் ஒரு வாரம் தோலோட ஊறவிட்டு மிதிக்கணும். இது எம் மவனோட கடசித் தொட்டி. இத வோல்னேத் தண்ணியா ஆக்க விடமாட்டேன்."

"ஒங்க மவன்தான் அன்னிக்குச் சாப்பாட்டு மேசையில சொன்னாரு, பதமாயிடுச்சு, வடிச்சிடலாம்ப்பான்னு. யாரு கேட்டா?"

"அவனுக்கு என்னடி தெரியும்? ஓம் பேச்சக் கேட்டுக் கெட்டுப்போனவன்!"

"மெழுகுவத்தியக் கிள்ளினது யாரு? நீதான?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரை 'நீ' என்றதில்லை. அந்த வீட்டில் யாருமே சொன்னதில்லை. கிழவர் பாய்ந்தார். கூந்தலைப் பிடித்து அவள் தலையைத் தொட்டியின் இரும்புப் பட்டையில் மோதினார். புருவம் கிழிந்தது. ரெமி பின்னாலிருந்து அப்பனைக் கட்டிப் பிடிக்க, இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். கிழவர் மகனின் கையைக் கடித்தார். நாய்கூட அப்படிக் கடிக்காது!

சொலாஞ்சின் கையில் மரச்சுத்தியல் எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது. நரைத்த தலைக்கு நேர் மேலே ஓங்கிவிட்டாள். சட்டென்று திரும்பி, தொட்டியின் அடியிலிருந்த அடைப்புக்கட்டையை அடித்தாள். இன்னும் அடித்தாள். கட்டை தெறித்தது.

அறுபட்ட பன்றிக் கழுத்திலிருந்து பீறிடுவதுபோல ஒயின் பீறிட்டது.

"பாவி! எம் புள்ளய மண்ணுல விடுறாளே!" கிழவர் முழங்காலால் தவழ்ந்து போய் ஓட்டையை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினார். விரலிடுக்கில் சீறி, முகத்தில் அடித்து, கத்திய வாய்க்குள்ளும் போனது.

கத்தல் நின்றது.

அப்படியே கிடந்தார். பிறகு ஒரு கையைக் குழித்து ஏந்தினார். வாயில் விட்டு, கண்ணை மூடி, எப்போதும் செய்வதுபோல உருட்டிப் பார்த்தார். எப்போதும் துப்புகிறவர் இம்முறை துப்பவில்லை. ஒயின் தரையில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சொலாஞ் சுத்தியலை விடாமல் நின்றாள். புருவத்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"ரெமி," என்றார் கிழவர், அவளைப் பார்க்காமல். "பதமாத்தான் ஆயிருக்கு. அந்த அண்டாவ இழுத்துட்டு வாடா."

கடிபட்ட கையால் ரெமி இழுத்து வந்தான். அண்டா நிறைய நிறைய மாற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்து சொலாஞ்சும் ஒரு வாளியை எடுத்தாள். தொட்டியில் சத்தம் ஓய்கிறவரை மூன்று பேரும் ஏந்தி ஏந்தி ஊற்றினார்கள்.

மணி அடித்தது. கிழவர் கால்சட்டை மாற்றவில்லை. முழங்காலுக்குக் கீழே நனைந்து ஒட்டியிருந்தது. பெட்டிக்குப் பின்னால் நடக்கிறவர்களுக்குக் கோயில் வாசலில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். மலைப்பக்கமிருந்து காற்று வீசியது. கல்லறைக்குப் போய்ச் சேருமுன்னே ரெமியுடையது அணைந்தது. சொலாஞ்சுடையதும் அணைந்தது. ஊர்க்காரர்களுடையதும் ஒவ்வொன்றாக அணைந்தது.

கிழவர் மட்டும், ஊதா ஏறிய உள்ளங்கையைச் சுடருக்கு அணையாகப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தார். மெழுகு உருகி விரலில் ஒழுகியது. கையை எடுக்கவில்லை.