கொக்கு மூடிய குழாய்

நான் வரைந்த கொக்கு ஒன்று சுவரைவிட்டு இறங்கி நடந்துபோய், முந்நூறு பேர் வேலை பார்க்கும் சாயப்பட்டறையின் கழிவுக் குழாயை இழுத்து மூடியது. தேநீர்க் கடையில் இதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். என் தங்கை புருஷன் மட்டும், "அளக்காதீங்க மச்சான், கொக்குக்கு ஏது கை?" என்று குறுக்கே விழுவார்.

நடந்தது இதுதான். அந்தப் பட்டறையின் சாயத்தண்ணீர் நேராகக் கால்வாயில் விழும். சற்றுக் கீழே என் தங்கை துணி வெளுக்கிறாள். உள்ளங்கை வெடித்துச் சிவந்து, தன் ஜாக்கெட் கொக்கியைக்கூட மாட்ட முடியாமல் போயிற்று அவளுக்கு. அவள் புருஷனோ அதே பட்டறைக்குக் காவல்காரர். கழிவுக் குழாயின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்!

"வாயத் தொறந்தா வேலை போயிடும் மச்சான்" என்பார்.

இந்த லட்சணத்தில், 'உலகத் தண்ணீரைக் காப்போம்' என்று மதில் முழுக்கப் படம் வரைய மேலாளர் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்களாம்.

"ஏழு வெள்ளைக் கொக்கு போடுங்க பெரியவரே. வண்ணப்பொடியை நம்ம சுத்திகரிச்ச தண்ணியிலதான் கரைக்கணும். அதையும் கீழே கொட்டை எழுத்துல எழுதிடுங்க. உலகமே மூக்குமேல விரல் வைக்கணும்!"

சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் போய்ப் பார்த்தேன். சிலந்திகள் அதில் ஏழு தலைமுறையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. சரி, சொன்னதைச் சொன்னபடி செய்வோம் என்று, வாளியைக் கழிவுக் குழாயின் வாயிலேயே பிடித்தேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "படம் பாத்து எவன் மச்சான் திருந்துனான்? போன வருஷம் மரம் வளர்ப்போம்னு சுவர்ல வரைஞ்சாங்க. படத்த மறைக்குதுன்னு நிஜ மரத்த வெட்டிட்டாங்க!"

நாளுக்கு ஒரு கொக்கு. வெயில் படக்கூடாதென்று தார்ப்பாய் போட்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

விழாவன்று மேலாளர் கயிற்றை இழுத்தார். ஊதா, பச்சை, மஞ்சள், நீலம் என்று அன்றன்று ஓடிய சாயம் அன்றன்று வரைந்த கொக்கில் இருந்தது. கடைசிக் கொக்கு ரத்தச் சிவப்பு. கீழே என் முத்தான எழுத்தில்: 'எங்கள் சுத்திகரித்த நீரில் கரைத்த வெள்ளை வண்ணம்.'

முதலில் சிரிப்பு. பிறகு எல்லோரும் கீழே இருந்த எழுத்தைப் படித்தார்கள். வியாபாரிகள் கைப்பேசியில் பிடித்த அந்தக் காட்சி மூன்று கண்டங்களைச் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அதற்கு முன்பே என் தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சிவப்புக் கொக்கின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கையும் சுவரும் ஒரே நிறம்.

"யோவ் வாட்ச்மேன்! தண்ணியப் பீச்சி அதக் கழுவுய்யா!" என்று மேலாளர் அலறினார். மாப்பிள்ளை ஓடினார். தண்ணீர் வரவில்லை. சற்று நேரத்தில் பட்டறைக்குள்ளிருந்து சாயவெள்ளம் பொங்கி வந்து மேலாளரின் கணுக்காலை, இல்லை, கழுத்தையே தொட்டது. கழிவுக் குழாய் மூடப்பட்டிருந்தது!

அதிகாரிகள் வந்தார்கள். சிலந்திகள் வீட்டைக் காலிசெய்து, இயந்திரம் ஓடிய பிறகுதான் பட்டறை திறந்தது. மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. இப்போது தங்கையோடு துணி உலர்த்துகிறார். அவள் கை ஆறிவருகிறது.

நேற்றும் கடையில் கொக்கை இறக்கினேன். மாப்பிள்ளை குறுக்கே விழவில்லை. கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"தினமும் பாத்த கைதான். எனக்கு உறைக்கல. சுவர்ல பாத்தப்பதான் உறைச்சுது. உலகத்தக் காப்பாத்தணும்னு ஊரெல்லாம் பேசறோம், நம்ம இடுப்புல தொங்குற சாவியத் தொடமாட்டோம். உண்மையச் சொல்ற படம் தொடவைக்கும்."

"அப்போ கொக்கு மூடலையா?" என்று அவரைக் கேட்டார் கடைக்காரர் ஏமாற்றத்தோடு.

"மூடுச்சுய்யா. இறங்கி வந்து, என் கைய வச்சு மூடுச்சு."