களையெடுப்பு

பஞ்சை நனைத்துக் கணவரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் சேற்றுக் காலோடு உள்ளே வந்தான். இரும்புக் கடைக்காரன், ஆணியையும் கம்பியையும் தவிர வேறெதையும் நின்று பார்த்தவனில்லை. இன்று விரலெல்லாம் கீறல். கையில் ஒரு கட்டு ஊதாப்பூ. அதைக் கண்டதும் அவள் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள்.

நேற்றுக் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டே தம்பியின் கையைப் பிடித்து, உப்பங்கழியில் களையெடுத்துவிடு என்று கேட்டிருந்தார். கடல் ஏறி இறங்கும் அந்தத் துண்டுச் சேற்று நிலம்தான் அவருக்குச் சொத்து, பிள்ளை, எல்லாம். யாரோ உப்பளம் போட்டுக் கைவிட்ட பாழ். கரையை வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டு, உப்புச் சேற்றில் குட்டையாய்ச் சிவந்து படரும் உமரியை நாற்று நாற்றாக நட்டுத் தேற்றியிருந்தார். போன வருஷம்தான் பவளக்கால் உள்ளான் பறவைகள் வந்து அதன் தூரில் முட்டையிட்டன. அப்புறம் எங்கிருந்தோ இந்த ஊதாப்பூச் செடி நுழைந்தது. அது நின்றால் உமரி நிற்காது, உமரி போனால் பறவை வராது. படுக்கையில் விழும்வரை அதைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆள் வச்சு, நானும் கூட எறங்கி சுத்தமா எடுத்துட்டேன். குட்டை குட்டையா, அழுக்குச் செவப்புல கெடந்துச்சே, ஒண்ணு விடல. வேரோட வாரி லாரியில ஏத்தி அனுப்பியாச்சு. இப்ப பூச்செடி மட்டும்தான் நிக்குது. இடமே களையா இருக்கு."

பூத்தால் பயிர், பூக்காவிட்டால் களை. அவன் அறிந்தது அவ்வளவுதான். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கீறல் விழுந்த கையைப் பார்த்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது?

இவருக்குக் காது அடைத்துப் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அடைக்கவில்லை. கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்தார், தம்பியை அல்ல. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தாள்.

"அவன்கிட்ட சொல்லிடாத."

"என்ன அண்ணி சொல்றாரு?"

"நல்லா செஞ்சியாம், தம்பி."

அவன் முகம் மலர்ந்தது. அண்ணன் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான், குறை வைக்கவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவள் பஞ்சை மறுபடி நனைத்தாள். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அவர் கண் திறக்கவில்லை.

மதியத்துக்குள் மூச்சு நின்றது. கொழுந்தன் குலுங்கிக் குலுங்கி அழுதபடியே பூக்கட்டைப் பிரித்து அண்ணனின் மார்பில் பரப்பினான். பூவுக்குக் கீழே காய் முற்றியிருந்தது, தொட்டால் விதை தெறிக்கும் பருவம். அவள் குனிந்து ஒவ்வொரு காயாகக் கிள்ளி உள்ளங்கையில் சேர்க்கத் தொடங்கினாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் கையை உதறிவிட்டுக் கிள்ளினாள்.

இடுகாடு கழியை ஒட்டித்தான் இருந்தது, அந்த ஓரத்துக்கு ஊதாப்பூச் செடி இன்னும் ஏறியிருக்கவில்லை. தூக்குகிற ஆட்கள் வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தபோது கொழுந்தனின் சட்டை முழுக்க, மடித்துவிட்ட கால்சட்டை ஓரத்தில்கூட, கறுப்புக் கறுப்பாக விதை ஒட்டியிருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தான்.